கிளாஸ்கோவுக்குப் புதிதாக வந்தவர்கள் ஒரு நல்ல பேல் ஏல் குடித்துப் பார்க்க: அடையாள அட்டையிலிருந்து கடைசி மடக்கு வரை

பியர் என்றால் பல் கூசும் அளவுக்கு ஜில்லென்று இருக்க வேண்டும், லேபிளில் ஸ்ட்ராங் என்று போட்டிருக்க வேண்டும். நம்மில் பலர் இந்தப் பழக்கத்தோடுதான் ஸ்காட்லாந்தில் வந்து இறங்குகிறோம். இங்கே ஒரு பப்பில் 3.8 சதவீத ஆல்கஹால் உள்ள பேல் ஏலை, அதாவது வெளிறிய நிறத்தில் ஹாப்ஸ் பூவின் கசப்பும் மணமும் தெரியும் ஒரு பியர் ரகத்தை, அதுவும் பாதாள அறைக் குளிர்ச்சியில் கொண்டுவந்து வைத்தால், என்னடா இது தண்ணியா இருக்கு, சூடா வேற இருக்கு என்று ஒதுக்கிவிட்டு அடுத்த முறை பழையபடி லாகர் என்ற ஜில்லென்ற பியர் ரகத்துக்கே போய்விடுகிறோம். எனக்கு இதை யாரும் சொல்லித் தரவில்லை. பாரில் என்ன கேட்பது, எந்த அட்டையைக் காட்டுவது, எது நல்ல பியர், எது கெட்டுப்போனது என்று ஒவ்வொன்றையும் தட்டுத்தடுமாறித்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. உங்களுக்கு அந்தச் சிரமம் வேண்டாம் என்றுதான் எழுதுகிறேன்.

உதாரணத்துக்கு ஒரே பியரை எடுத்துக்கொள்கிறேன். ஃபைன் ஏல்ஸ் என்ற ப்ரூவரியின் (பியர் ஆலையின்) யார்ல். லாக் ஃபைன் என்ற கடல் கழியின் தலைமாட்டில் கேர்ன்டோ என்ற சிற்றூரில், ஒரு பண்ணைக்குள் இருக்கிறது அந்த ப்ரூவரி. யார்ல் 3.8 சதவீதம், வெளிறிய பொன்னிறம், சிட்ரா என்ற அமெரிக்க ஹாப்ஸின் வாசனைதான் அதன் உயிர். பாரின் பியர் கைப்பிடியில் மாட்டியிருக்கும் பெயர் அட்டையில் பெயர் ஜே எழுத்தில் தொடங்கும், வாயால் கேட்கும்போது யார்ல் என்று கேளுங்கள். வேறு ஊரில் இருந்தால் உங்கள் பக்கத்து ப்ரூவரியின் இதே ரக பியரை வைத்துக்கொள்ளலாம், கீழே சொல்பவை பெரும்பாலும் அப்படியே பொருந்தும்.

1. முதலில் அடையாள அட்டை

இதுதான் புதியவர்கள் அதிகம் மாட்டும் இடம். சட்டப்படி வயது 18 ஆனால் போதும். ஆனால் ஸ்காட்லாந்தில் 2011 அக்டோபர் முதல் சேலஞ்ச் 25 கட்டாயம். பார்க்க 25 வயதுக்குக் கீழ் தெரிந்தால் அட்டை கேட்டே ஆக வேண்டும், இல்லையென்றால் கடைக்காரரின் லைசென்ஸுக்கே ஆபத்து. அதனால் கேட்பவர் மேல் கோபப்படாதீர்கள், 30 வயதுக்காரரிடமும் கேட்பார்கள்.

எது செல்லும்? அசல் பாஸ்போர்ட் செல்லும், இந்திய, இலங்கை பாஸ்போர்ட் உட்பட. பிரிட்டிஷ் ஃபோட்டோ டிரைவிங் லைசென்ஸ் செல்லும், பழகுநர் லைசென்ஸாக இருந்தாலும் சரி. பாஸ் (PASS) என்ற வயதுச்சான்றுத் திட்டத்தின் ஹோலோகிராம் உள்ள அட்டையும் செல்லும்.

எது செல்லாது? இந்திய டிரைவிங் லைசென்ஸ், ஆதார், பல்கலைக்கழக மாணவர் அட்டை, பாஸ்போர்ட்டின் ஜெராக்ஸ், ஃபோனில் எடுத்து வைத்த படம். பழைய பிஆர்பி அட்டையை, அதாவது விசாவுக்காகக் கொடுத்த பயோமெட்ரிக் குடியிருப்பு அட்டையை, நம்பி இருந்தவர்களுக்கு இன்னொரு சிக்கல்: அவற்றில் பெரும்பாலானவை 2024 டிசம்பர் 31-ல் காலாவதி ஆகிவிட்டன. இப்போது விசா எல்லாம் இணையத்தில், பார் கவுன்டரில் அதைத் திறந்து காட்டிப் பிரயோஜனமில்லை. ஒரு பப்பில் எங்கள் கூட்டத்தில் ஒருவரிடம் மட்டும் அட்டை இல்லை என்பதற்காக மொத்த மேசைக்கும் கொடுக்க மறுத்தார்கள். நாலு பேர் போனால் நாலு பேரிடமும் அட்டை இருக்கிறதா என்று வீட்டை விட்டுக் கிளம்பும் முன்பே கேட்டுவிடுங்கள்.

வெள்ளிக்கிழமை ராத்திரி பாஸ்போர்ட்டைப் பாக்கெட்டில் வைத்துக்கொண்டு அலைவது எனக்குச் சரியாகப் படவில்லை. தொலைந்தால் விசா, வேலை எல்லாமே தொங்கலில் நிற்கும். 185 நாளுக்குக் குறையாமல் தங்க அனுமதி இருந்தால் பழகுநர் லைசென்ஸுக்கு விண்ணப்பியுங்கள். இணையத்தில் 34 பவுண்டு, தபாலில் 43. தபாலில் என்றால் போஸ்ட் ஆபீஸில் டி1 படிவத்தை வாங்கி நிரப்ப வேண்டும், அசல் ஆவணத்தைக் கூடவே அனுப்ப வேண்டியிருக்கும். அதனால் ஊருக்குப் போக டிக்கெட் போட்டிருக்கும் மாதத்தில் இதைத் தொடங்காதீர்கள். இணையத்தில் போட்டால் பெரும்பாலும் ஒரு வாரத்தில் வந்துவிடும், தபாலில் மூன்று வாரம் வரை வைத்துக்கொள்ளுங்கள். கார் ஓட்டும் எண்ணமே இல்லாவிட்டாலும் இந்த அட்டை நூறு இடத்தில் உதவும்.

2. எங்கே போவது, எந்த நேரத்தில்

முதல் முறை கேனில் வாங்கிக் குடிக்காதீர்கள். கேஸ்க் என்ற பீப்பாயிலிருந்து ஊற்றித் தரும் பப்புக்குப் போங்கள். பார் மேசை மேல் நீளமான கைப்பிடிகள் நிற்கும், ஊழியர் அதைப் பிடித்து இழுத்து இழுத்து ஊற்றுவார், அதுதான் கேஸ்க். சின்னக் குழாயைத் திருப்பினால் சீறி வருவது கெக். கேஸ்க்கில் வெளியிலிருந்து வாயு ஏற்றுவதில்லை, பீப்பாய்க்குள் ஈஸ்ட் தானாக உண்டாக்கிய வாயு மட்டும்தான். அதனால் மெல்லிய நுரை, நாக்கைக் குத்தாது, ஹாப்ஸ் வாசனை மறையாமல் வரும்.

கிளாஸ்கோவில் பிரிட்ஜ் ஸ்ட்ரீட்டில் லாரிஸ்டன் என்ற பழைய பாரில் ஃபைன் ஏல்ஸ் பியர் பெரும்பாலும் இருக்கும். நார்த் ஸ்ட்ரீட்டில் பான் அக்கார்ட் கேஸ்க்குக்குப் பெயர் போனது, ஆனால் அங்கே பியர்கள் மாறிக்கொண்டே இருக்கும். கிளம்பும் முன் ஒரு ஃபோன் போட்டு யார்ல் இன்றைக்கு இருக்கிறதா என்று கேட்டுவிடுங்கள். இங்கே அப்படிக் கேட்பது சாதாரணம்.

பப்பைவிட நேரம் முக்கியம் என்பேன். திறந்த கேஸ்க்கை மூன்று நாளுக்குள் விற்று முடிக்க வேண்டும், அதற்கு மேல் காற்று பட்டு வாசனை இறங்கிவிடும். ஒரு ஃபர்கின் பீப்பாய் 9 கேலன், அதாவது 72 பைன்ட். கூட்டம் உள்ள இடத்தில் அது மளமளவென்று தீரும், காற்று வாங்கும் இடத்தில் திங்கட்கிழமை மதியம் வரை கிடந்து சாகும். வியாழன், வெள்ளி, சனி சாயங்காலம் ஆறு மணி வாக்கில் போங்கள். கடை திறந்தவுடன் முதல் ஆளாகப் போகவும் வேண்டாம், ராத்திரி முழுக்கக் குழாயில் நின்ற பியர் உங்கள் கிளாஸுக்கு வரக்கூடும். நல்ல பப்பில் அதை இழுத்துக் கொட்டிவிடுவார்கள், எல்லாரும் அப்படிச் செய்வார்கள் என்று சொல்ல முடியாது.

3. சைவமா? முன்கூட்டியே கேளுங்கள்

இதை யாரும் தானாகச் சொல்வதில்லை. கேஸ்க் பியரைத் தெளிய வைக்க ஐசிங்லாஸ் என்ற ஒன்றைச் சேர்ப்பது இங்கே பழைய வழக்கம். அது மீனின் காற்றுப்பையிலிருந்து எடுப்பது. ஈஸ்ட்டைக் கூட்டிக்கொண்டு அது அடியில் படிந்துவிடும், கிளாஸில் ருசியாகத் தெரியாது. ஆனாலும் சைவம் கடைப்பிடிப்பவருக்குத் தெரிந்திருக்க வேண்டிய விஷயம். எல்லா ப்ரூவரியும் சேர்ப்பதில்லை, ஒரே பியரே கேஸ்க்கில் ஒரு மாதிரி, கேனில் ஒரு மாதிரி இருக்கலாம். பாரில் இது வீகனா என்று கேளுங்கள், தெரியாது என்றால் வீகன் என்று அச்சிட்ட கேனைப் பார்த்து வாங்குங்கள். பார்லி மால்ட்டில் (முளைகட்டி உலர்த்திய பார்லியில்) குளூட்டன் உண்டு, ஒத்துக்கொள்ளாதவர்கள் அதையும் கேட்டுக்கொள்ளுங்கள். மெட்ரோனிடசோல் என்ற ஆன்டிபயாடிக் மாத்திரை ஓடிக்கொண்டிருந்தால் மருந்து முடிந்து இரண்டு நாள் ஆகும்வரை தள்ளிப் போடுங்கள்.

4. பாரில் கேட்பது, காசு கொடுப்பது

மேசையில் உட்கார்ந்துகொண்டு யாராவது வருவார்கள் என்று காத்திருக்காதீர்கள், பெரும்பாலான பப்களில் யாரும் வர மாட்டார்கள். பாருக்குப் போய் நில்லுங்கள். உங்களுக்கு முன் யார் நின்றார்கள் என்று ஊழியர் கவனித்துக்கொண்டே இருப்பார், கையை ஆட்டிக் கூப்பிட வேண்டாம்.

முதலில் ஒரு டேஸ்டர் கேளுங்கள். சின்ன கிளாஸில் ஒரு மடக்கு ஊற்றித் தருவார்கள், கேஸ்க் வைத்திருக்கும் பப்களில் இதற்குக் காசு வாங்குவதில்லை. இரண்டு பியருக்குக் கேட்பது நியாயம். பின்னால் வரிசை நிற்கும்போது ஆறு கேட்பது நியாயமில்லை.

பிடித்தால் அரை பைன்ட் வாங்குங்கள். ஒரு பைன்ட் 568 மில்லி, அரை பைன்ட் 284. மூன்றில் ஒரு பங்கு, மூன்றில் இரண்டு பங்கு அளவுகளும் சட்டத்தில் உண்டு, எல்லா இடத்திலும் கிடைக்காது. அரை பைன்ட் கேட்டால் யாராவது ஒரு மாதிரி பார்ப்பார்களோ என்ற கூச்சம் நம் பையன்களிடம் நிறைய இருக்கிறது. யாரும் பார்ப்பதில்லை. ருசி பார்க்கப் போகிறவருக்கு அரைதான் சரி, முழு பைன்ட்டின் கடைசிக் கால்வாசி வாசனை இறங்கிப்போய்க் கிடக்கும்.

விலை இடத்துக்கு இடம் மாறும். கிளாஸ்கோவில் ஒரு பைன்ட் கேஸ்க் ஏலுக்கு ஏறக்குறைய 4.50 முதல் 6 பவுண்டு வரை எதிர்பாருங்கள், அரை என்றால் அதில் பாதி. கையில் கொடுக்கும்போதே காசு கொடுத்துவிட வேண்டும். டிப்ஸ் எதிர்பார்ப்பதில்லை. கூட்டமாகப் போனால் ஒருவர் எல்லாருக்கும் வாங்குவதும், அடுத்த சுற்றை இன்னொருவர் வாங்குவதும் வழக்கம். இதில் சேர்ந்தால் மற்றவர் வேகத்துக்கு நீங்களும் குடிக்க வேண்டிவரும். நான் எனக்கு வேண்டியதை நானே வாங்கிக்கறேன் என்று ஆரம்பத்திலேயே சொல்லிவிடுங்கள், தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

நுரை ரொம்ப வைத்து ஊற்றிவிட்டால் டாப் அப் கேட்கலாம், புன்னகையோடு ஊற்றித் தருவார்கள்.

5. குடித்துப் பார்ப்பது

அவசரப்படாதீர்கள். சாப்பாட்டுக்கு முன்னால் போவது நல்லது. காரக்குழம்பு சாப்பிட்ட வாயோடு போனால் கசப்பும் காரமும் மட்டும்தான் தெரியும், வேறெதுவும் ஏறாது. சூயிங் கம், சிகரெட், அப்போதுதான் போட்ட சென்ட் இவையும் கெடுக்கும்.

முதலில் வெளிச்சத்தில் தூக்கிப் பாருங்கள். யார்ல் வைக்கோல் நிறத்துக்கும் பொன்னிறத்துக்கும் இடையில், தெளிவாக இருக்கும். நுரை விரல் கனம்கூட இருக்காது, லாகர் மாதிரி குமிழிகள் மேலே ஓடாது. இது செத்துப்போன பியர் என்று நினைத்துவிட வேண்டாம், கேஸ்க் அப்படித்தான்.

அப்புறம் மோந்து பார்ப்பது. என் கணக்கில் இந்த ரக பியரில் பாதிக்கு மேல் இங்கேதான் இருக்கிறது. கிளாஸ் விளிம்புவரை நிரம்பியிருந்தால் ஒரு வாய் குடித்து இடம் செய்துகொள்ளுங்கள். உள்ளங்கையால் வாயை மூடி, லேசாகச் சுழற்றி, கையை எடுத்தவுடன் மூக்கை உள்ளே விட்டு இரண்டு மூன்று குட்டி மூச்சு இழுங்கள், ஒரே நீண்ட மூச்சாக வேண்டாம். சிட்ரா ஹாப்ஸில் முதலில் தெரிவது பம்ளிமாஸ் தோலைக் கீறினால் வரும் வாசனை. அதற்குப் பின்னால் எலுமிச்சை, லிச்சி, சில நாள் பாதி பழுத்த மாங்காய். இது எதுவும் பழம் போட்டு வருவதில்லை. ஹாப்ஸ் பூவின் எண்ணெயில் இருப்பதுதான். கொதிக்கும் தொடக்கத்திலேயே போட்டால் எண்ணெய் ஆவியாகிக் கசப்பு மட்டும் நிற்கும், கடைசியில் போட்டால்தான் வாசனை தங்கும். யார்ல் மாதிரி பியர்களில் கடைசியில் போடுவதில்தான் கை தாராளம்.

இப்போது ஒரு நல்ல மடக்கு. நுனி நாக்கில் நக்கிப் பார்த்தால் பயனில்லை, வாய் முழுக்கப் பரவ விட்டு விழுங்குங்கள். ஒயின் ருசிப்பவர்கள் மாதிரி துப்ப வேண்டாம், ஹாப்ஸ் கசப்பு நாக்கின் பின்பக்கத்திலும் தொண்டையிலும்தான் நன்றாகத் தெரியும். விழுங்கியதும் வாயை மூடிக்கொண்டு மூக்கு வழியாக மூச்சை வெளியே விடுங்கள். அந்தப் பம்ளிமாஸ் மறுபடி ஒருமுறை வரும், முதலில் வந்ததைவிடத் தெளிவாக. பிறகு பத்து விநாடி சும்மா இருங்கள். கசப்பு ஏறி, நின்று, நாக்கைச் சுத்தமாகத் துடைத்த மாதிரி விட்டுவிட்டுப் போக வேண்டும். தொண்டையைப் பிறாண்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தால் அது சரியில்லை.

முதல் மடக்கில் முடிவு கட்டாதீர்கள். கசப்புக்கு வாய் பழக இரண்டு மூன்று மடக்கு ஆகும். அதற்குப் பிறகுதான் அடியில் இருக்கும் மால்ட் தெரிய ஆரம்பிக்கும், மெலிதாக, மேரி பிஸ்கட்டின் இனிப்பு அளவுக்கு. 3.8 சதவீதத்தில் ஒளிந்துகொள்ள ஆல்கஹால் கிடையாது, செய்தவரின் கைத்திறன் அப்படியே வெளியே தெரியும். அதனால்தான் இந்த லேசான பியர்கள் மேல் எனக்கு இவ்வளவு மரியாதை.

குளிர்ச்சியைப் பற்றி ஒரு வார்த்தை. கேஸ்க் ஏல் 11 முதல் 13 டிகிரியில் இருக்க வேண்டும். நம் கைக்கு அது இளம் குளிர்ச்சி. ஐஸ் கேட்காதீர்கள். 3 டிகிரிக்குக் கொண்டுபோனால் மூக்குக்கு ஒன்றும் வராது, வெறும் கசப்புத் தண்ணீர்தான் மிஞ்சும். வெதுவெதுப்பாக இருந்தால் அது பப்பின் குறை, சொல்லலாம்.

தொட்டுக்கொள்ள உப்புக் கடலை போதும். மீனும் சிப்ஸும் இதற்கு அருமையான ஜோடி, எண்ணெய்ப் பிசுக்கைக் கசப்பு வெட்டிவிடும். மிளகாய் தூக்கலான சிக்கன் 65 வேண்டாம், எரிச்சல் இரட்டிப்பாகும்.

6. கெட்டுப்போனது என்று எப்படித் தெரிந்துகொள்வது

பிடிக்காததும் கெட்டதும் வேறு வேறு. கசப்பாக இருக்கிறது என்று திருப்பிக் கொடுக்க முடியாது. ஆனால் கீழே உள்ளவை வந்தால் தைரியமாகக் கொண்டுபோங்கள்.

வினிகர் புளிப்பு வந்தால் கேஸ்க் அதிக நாள் திறந்து கிடந்திருக்கிறது. வெண்ணெய் தடவிய பாப்கார்ன் வாடை டையசெட்டில், பேல் ஏலில் அது இருக்கக் கூடாது. நனைந்த அட்டைப்பெட்டி வாடை பழசானதற்கு அடையாளம், இது கேனிலும் பாட்டிலிலும்தான் அதிகம். கலங்கலாக, ஈஸ்ட் மிதக்க வந்தால் பீப்பாயின் அடி. சில பியர்களை வேண்டுமென்றே மங்கலாகச் செய்வார்கள், அதனால் கலங்கலுக்கு மட்டும் முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

இரண்டு வாய்க்கு மேல் குடிக்காமல் கொண்டுபோக வேண்டும், முக்கால்வாசி காலி செய்துவிட்டுப் புகார் சொன்னால் யாரும் கேட்க மாட்டார்கள். இது கொஞ்சம் சரியில்லை மாதிரி இருக்கு, நீங்களும் பாருங்களேன் என்று சொன்னால் போதும். நல்ல இடத்தில் விவாதமே இல்லாமல் மாற்றித் தருவார்கள். முறைத்துக்கொண்டு இது இப்படித்தான் இருக்கும் என்று சொல்லும் இடத்துக்கு மறுபடி போகாதீர்கள்.

7. வீட்டுக்கு வாங்குவதென்றால்

ஸ்காட்லாந்தில் கடைகளில் மது விற்பனை காலை 10 முதல் இரவு 10 வரை மட்டும். ஷிஃப்ட் முடிந்து 10.05-க்குப் போய் நின்றால் தானியங்கி பில் இயந்திரமே அனுமதிக்காது. குறைந்தபட்ச விலைச் சட்டமும் உண்டு, 2024 செப்டம்பர் 30 முதல் ஒரு யூனிட்டுக்கு, அதாவது 10 மில்லி சுத்த ஆல்கஹாலுக்கு, 65 பென்ஸ். 440 மில்லி, 3.8 சதவீத கேனுக்கு அது 1.09 பவுண்டு ஆகும். சின்ன ப்ரூவரிகளின் கேன் எப்படியும் அதைவிட நிறையவே விலை, அதனால் தள்ளுபடி தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம்.

தேட வேண்டியது தேதி. ஹாப்ஸ் வாசனை வாரக்கணக்கில் இறங்கிக்கொண்டே போகும். கேனின் அடியில் நிரப்பிய தேதி இருந்தால் ஒன்றிரண்டு மாதத்துக்குள் உள்ளதை எடுங்கள், இல்லையென்றால் அலமாரியில் பின்னால் கையை விட்டுக் காலாவதித் தேதி ரொம்பத் தள்ளி இருப்பதை எடுங்கள். நிறமில்லாத பாட்டில், பச்சைப் பாட்டில் இரண்டையும் தவிர்த்துவிடுங்கள், வெளிச்சம் பட்டால் ஹாப்ஸ் கசப்பே உடைந்து நாற்றமாக மாறிவிடும்.

ஃப்ரிட்ஜில் வையுங்கள், குடிக்க 15 நிமிடம் முன்னால் வெளியே எடுத்து வையுங்கள், கட்டாயம் கிளாஸில் ஊற்றுங்கள். கேனிலிருந்து நேராகக் குடித்தால் மூக்குக்கு வேலையே இல்லை. கிளாஸில் சோப்பு, எண்ணெய் மிச்சம் இருந்தால் நுரை நிற்காது, நன்றாக அலசி, துடைக்காமல் கவிழ்த்து வையுங்கள். கோடை வந்தால் கெல்வின்குரோவ் பூங்காவில் உட்கார்ந்து கேனைத் திறக்கலாம் என்று தோன்றும், பக்கத்தில் நாலு பேர் அதைத்தான் செய்துகொண்டிருப்பார்கள். ஆனால் கிளாஸ்கோவில் பொது இடத்தில் குடிப்பது தடை, அபராதம் உண்டு.

அளவு: 3.8 சதவீதத்தில் ஒரு பைன்ட் ஏறக்குறைய 2.2 யூனிட். வாரத்துக்கு 14 யூனிட்டுக்கு மேல் போகாதீர்கள் என்பது இங்கத்திய மருத்துவத் துறையின் ஆலோசனை. கூட்டிக் கழித்தால் வாரம் முழுக்க ஆறு பைன்ட், அதையும் ஒரே நாளில் அல்ல.

8. ப்ரூவரிக்கே போக ஆசை வந்தால்

வரும், போய்விட்டு வாருங்கள். கேர்ன்டோவில் ப்ரூவரியோடு சேர்ந்தே ஒரு பாரும் கடையும் இருக்கின்றன, செய்த இடத்திலேயே குடிக்கும்போது அந்தப் பம்ளிமாஸ் வாசனை வேறு மாதிரி துள்ளும். ப்ரூவரியைச் சுற்றிப் பார்க்க முன்பதிவு வேண்டும், பார் நேரம் பருவத்துக்குப் பருவம் மாறும், இரண்டையும் அவர்கள் தளத்தில் பார்த்துக்கொண்டு கிளம்புங்கள்.

காரில் போகாதீர்கள், அல்லது ஓட்டுபவர் ஒரு சொட்டும் தொடக் கூடாது. ஸ்காட்லாந்தில் 2014 டிசம்பர் முதல் வரம்பு 100 மில்லி ரத்தத்தில் 50 மில்லிகிராம். இங்கிலாந்தில் 80. லண்டனிலிருந்து வந்த அண்ணன் ஒரு பைன்ட் பரவாயில்லைடா என்பார், இங்கே அந்தக் கணக்கு செல்லாது. முந்தின இரவு நிறையக் குடித்திருந்தால் மறுநாள் காலையில் ஓட்டுவதும் ஆபத்து.

புக்கானன் பஸ் நிலையத்திலிருந்து கேம்பெல்டவுன் போகும் சிட்டிலிங்க் பஸ் கேர்ன்டோ வழியாகப் போகிறது, பயணம் ஒன்றரை மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். போகும் டிக்கெட்டோடு திரும்பும் டிக்கெட்டையும் இருக்கை பதிவு செய்து வாங்குங்கள், கோடைச் சனிக்கிழமைகளில் பஸ் நிரம்பிவிடும், அடுத்த பஸ் மணிக்கணக்கில் தள்ளி. வழியில் ரெஸ்ட் அண்ட் பீ தேங்க்ஃபுல் என்ற மலைச்சாலை இருக்கிறது, ஏ83. பலத்த மழைக்கு அங்கே மண் சரிந்து சாலையை மூடுவது அடிக்கடி நடப்பது. அதனால் கிளம்பும் அன்று காலையில் டிராஃபிக் ஸ்காட்லாந்து அறிவிப்பைப் பாருங்கள். மூடியிருந்தால் வேறொரு வாரம் போகலாம், அதுவரை லாரிஸ்டனில் அரை பைன்ட் கிடைக்கும்.